தொட்டில் கண்ட அரசு வாழ்க!

பிள்ளைகளுக்கென்று நம் மாநில அரசு செய்திருப்பதை முழுக்கப் புகழ வேண்டுமானால் ஒரு புராணமே பாட வேண்டியிருக்கும். எனக்கு அவ்வளவு புலமை இல்லை. ஆகவே நொய்யலுக்கு இந்தக் கரையிலும் அந்தக் கரையிலுமாக, எங்கள் கொங்குச் சீமையில் கண்ணில் பட்டதை மட்டும் புகழ்ந்துவிட்டு நிறுத்திக்கொள்கிறேன். கஞ்சத்தனம் என்று யாரும் நினைக்க வேண்டாம். இதற்கே இடம் பற்றாது.

முதல் வணக்கம் தொட்டிலுக்கு. தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-இல் எங்கள் சேலத்தில்தான் பிறந்தது. பெண் பிறந்தால் கள்ளிப்பாலும் நெல்மணியும் தேடிய காலம். "கொல்ல வேண்டாம், எங்களிடம் போட்டுவிட்டுப் போங்கள்" என்று அரசாங்கமே தொட்டில் வைத்தது. 2001-இல் அது தருமபுரி, மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களுக்கும் போனது. அந்த வருஷத்து மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், ஆறு வயது வரையிலான ஆயிரம் ஆண் பிள்ளைகளுக்குச் சேலத்தில் 851 பெண் பிள்ளைகள், தருமபுரியில் 826. அந்தத் தொட்டிலால் பிழைத்தவர்கள் இன்று வளர்ந்து ஆளாகி எங்கெங்கோ இருக்கிறார்கள். அவர்களுக்காக அதை மெய்யாகவே கையெடுத்துக் கும்பிடலாம். இதில் வஞ்சம் எதுவும் இல்லை.

என் வியப்பு வேறு. பெற்றவள் வேண்டாமென்று விட்டுப்போகும் பிள்ளைக்கு இரவு பகல் பாராமல் தொட்டில் வைத்திருக்கும் அரசு, வேண்டுமென்று இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்பவளின் பிள்ளைக்குத் தொட்டில் வைக்க அவ்வளவு அவசரம் காட்டவில்லை. எத்தனை நுட்பமான கொள்கை! கைவிட்டால் நாங்கள் இருக்கிறோம்; கைவிடாவிட்டால் நீயே பார்த்துக்கொள். தாய்மையின் மேல் இவ்வளவு நம்பிக்கை வைத்திருக்கும் அரசை வேறெங்கே போய்த் தேடுவது?

இந்த நம்பிக்கைக்குக் கணக்கும் உண்டு. 2017-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி பிரசவ விடுப்பு 26 வாரம், அதாவது அரை வருஷம். (இஎஸ்ஐ, பிஎஃப் பிடித்து, வருகைப் பதிவேட்டில் பெயர் ஏறிய பெண்ணுக்குத்தான் அது. பீஸ் ரேட்டுக்கு வருகிறவளுக்கு விடுப்பு என்பது அவளாக எடுத்துக்கொள்வதும், அவள் இடத்தில் வேறொருத்தி உட்காருவதும்தான்.) அங்கன்வாடியில் பிள்ளையை விட்டுவிட்டுப் போக இரண்டு வயது நிறைந்திருக்க வேண்டும். நடுவில் பதினெட்டு மாதம். தவழ்ந்து, எழுந்து, விழுந்து, கையில் அகப்பட்டதையெல்லாம் வாயில் போட்டுப் பார்க்கிற பதினெட்டு மாதம். அப்போதும் அரசு சும்மா இருந்துவிடவில்லை. சத்துமாவுப் பாக்கெட் கொடுக்கிறது. பாக்கெட் வீட்டுக்கு வந்துவிடும். அதைக் கிண்டி ஊட்ட வேண்டிய கை மட்டும் அந்நேரம் மில்லில் வைண்டிங் மெஷினுக்கு முன்னால் இருக்கும். அதற்கு அரசு என்ன செய்யும்? கையையும் பாக்கெட்டில் போட்டா அனுப்ப முடியும்?

சோறு போடுவதில் நம்மை அடித்துக்கொள்ள ஆளில்லை. 1920-இல் நீதிக்கட்சிக் காலத்தில் சென்னை ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் ஆரம்பித்தது. 1956-இல் காமராசர் மதிய உணவு கொண்டுவந்தார். 1982 ஜூலை 1-இல் எம்.ஜி.ஆர். சத்துணவு, இரண்டு வயதுப் பிள்ளைக்கும் சேர்த்து. 1989-இல் கருணாநிதி தட்டில் முட்டை வைத்தார். 2022 செப்டம்பர் 15-இல் ஸ்டாலின் காலை உணவு. ஆட்சி மாறினாலும் அடுப்பு அணையவில்லை என்பது சாதாரண விஷயமா? முட்டைக்கும் வெளியூர் போக வேண்டியதில்லை, நாமக்கல் எங்களுடையது. அங்கன்வாடியில் வாரத்துக்கு மூன்று.

இந்தச் சாதனையின் பலனாக, பிள்ளை என்பது ஒரு வயிறு, வயிறு நிறைந்தால் பிள்ளை தானாக வளர்ந்துவிடும் என்கிற முடிவுக்கு எல்லாக் கட்சிகளும் ஒருமனதாக வந்து சேர்ந்தன. வயிற்றுக்கு ஒரு நாளில் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் ஏராளம். மிச்சம் இருபத்துமூன்று மணி நேரத்துக்குத்தான் துறை எதுவும் இல்லை. அந்த ஒரு மணி நேரக் கணக்கும் அப்படியொன்றும் சுத்தமாக இல்லை. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நாலில் ஒன்றுக்கு வயதுக்கேற்ற உயரம் இல்லை. ரத்தசோகை உள்ள பிள்ளைகள் 2015–16-இல் 50.7 சதவீதம், 2019–21-இல் 57.4. ஏறுமுகம்தான், குறை சொல்ல முடியாது.

அங்கன்வாடி என்று அரசு சொல்வதை எங்கள் ஊர்ப் பக்கம் இன்னும் பால்வாடி என்றுதான் சொல்வார்கள். அவிநாசி ரோட்டைவிட்டு உள்ளே தள்ளி ஒரு பால்வாடி. சுவரில் ஆப்பிளும் திராட்சையும் அன்னாசியும் வரைந்திருக்கிறது. வாழைப்பழம் மட்டும் இல்லை, அது உள்ளூர்ச் சரக்கு என்பதாலோ என்னவோ. மதியச் சாப்பாடு முடிந்து பிள்ளைகள் பாயில் வரிசையாகத் தூங்குகிறார்கள். ஆயா தட்டுக் கழுவுகிறார். டீச்சர் போனைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்கிறார், உள்ளே சிக்னல் எடுக்காது. எதிரே ஒரு பெண், இடுப்பில் ஒரு வயதுப் பையன். மில்லில் ஷிப்ட் முடிந்து நேராக வந்திருப்பாள் போல. தலையிலும் புருவத்திலும் பஞ்சு.

"கண்ணச் சிமிட்டுங்க அம்மிணி."

"சிமிட்டீட்டனுங் டீச்சர்."

"இன்னொருக்கா. இப்புடி வெளிச்சத்துப் பக்கம் வாங்க."

சிமிட்டினாள். போன் யோசித்தது. முகம் பொருந்தவில்லை என்றது. ஆதாரில் இருப்பது கல்யாணத்துக்கு முந்தின முகம், ரெட்டைச் சடையும் கன்னச் சதையுமாக. இப்போதிருப்பது ஒரு பிரசவமும் ஐந்தாறு வருஷ நைட் ஷிப்டும் பார்த்த முகம். "பஞ்சத் தொடச்சுப் பாருங்க, எடுத்தாலும் எடுக்கும்" என்றார் டீச்சர். துடைத்தாள். எடுத்தது. சத்துமாவு கிடைத்தது. இடையில் பையன் வீல்வீலென்று அழுதான். அழுகைக்குச் செயலியில் கட்டம் கிடையாது.

போஷன் டிராக்கர் என்கிற அந்தச் செயலி 2021-இல் வந்தது. வீட்டுக்குக் கொடுக்கும் மாவுக்கு முகப்பதிவு கட்டாயம் என்று 2025 ஜூலையில் ஆக்கினார்கள். இந்த ஏற்பாடு ஒன்றிய அரசின் கைங்கரியம். புகழில் பங்கு அவர்களுக்கும் உண்டு. ஒரு பாக்கெட் மாவு தப்பான வாய்க்குள் போய்விடக் கூடாதே என்று அவர்கள் காட்டும் அக்கறை, சரியான வாய்க்குள் போகிறதா என்பதிலும் இருந்திருந்தால் உலகம் தாங்காது.

அந்த டீச்சரைப் பற்றித் தனியாகவே ஒரு பதிகம் பாடலாம். பிள்ளையை எடை போடுவது, உயரம் அளப்பது, பாட்டுச் சொல்லிக்கொடுப்பது, கர்ப்பிணியைக் கணக்கெடுப்பது, பதிவேடு எழுதுவது, எழுதியதையே போனிலும் ஏற்றுவது. 2025 நவம்பரில் வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தம் வந்தபோது, வாக்குச்சாவடி நிலை அலுவலர்களாக வீடு வீடாகப் போனவர்களில் அங்கன்வாடி டீச்சர்களும் இருந்தார்கள். பிறந்தவரைக் கணக்கெடுக்கப் பழகிய கை, செத்தவரையும் இடம்பெயர்ந்தவரையும் கணக்கெடுக்காதா என்ன? அந்த நாட்களில் பாயில் தூங்கிய பிள்ளைகளை யார் பார்த்தார்கள் என்று கேட்பது நாகரிகமில்லை. ஆயா பார்த்தார்.

இத்தனைக்கும் ஒன்றிய அரசு மாதம் டீச்சருக்கு 4,500, ஆயாவுக்கு 2,250 ரூபாய் என்று 2018 அக்டோபரில் நிர்ணயித்தது. சம்பளம் என்று சொன்னால் அவமரியாதை, மதிப்பூதியம். மாநில அரசு தன் பங்குக்குச் சிறப்புக் காலமுறை ஊதியம் என்று ஒன்றைக் கண்டுபிடித்தது. மற்ற அரசு ஊழியர்களுக்கு உள்ள காலமுறை ஊதியம் சிறப்பு இல்லாதது, அதுதான் அதிகம். ஓய்வு பெற்றபின் மாதம் 2,000 ரூபாய் என்று வருஷக்கணக்காகக் கொடுத்துவந்தார்கள். இவர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்று 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டி வந்தது. அவர்களும் ஊழியர்கள்தான் என்று கண்டுபிடிக்க, திட்டம் தொடங்கிய 1975-லிருந்து எண்ணினால், நாடு எடுத்துக்கொண்டது நாற்பத்தாறு வருஷத்துக்கு மேல். அவசரப்படாத தேசம்.

அங்கன்வாடி சாயங்காலத்தோடு பூட்டிவிடும். திருப்பூரில் ஒன்றரை ஷிப்ட் என்றால் காலை எட்டரைக்கு உள்ளே போனவள் ராத்திரி எட்டு, எட்டரைக்கு வெளியே வருவாள். நடுவில் பிள்ளைக்கு என்ன வழி? அம்மிச்சி (அம்மாவைப் பெற்றவள்) இருக்கிறாளே. பிள்ளை வளர்ப்பில் கொங்கு நாட்டின் மிகப் பெரிய நலத்துறை அம்மிச்சிதான். முழங்கால் வலியோடு, மதிப்பூதியம்கூட இல்லாமல், விடுமுறை கேட்காமல், போனில் முகம் காட்டாமல் ஓடுகிற துறை. ஆனால் தேனியிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து லைன் வீட்டில் குடியிருப்பவளுக்கு அம்மிச்சி ஊரோடு இருக்கிறாள். அங்கே அடுத்த அதிகாரி பொறுப்பேற்கிறார். வயது ஒன்பது, பெயர் அக்கா. தம்பியை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு, குழாயடியில் தண்ணீர் பிடித்துக்கொண்டு, பள்ளிக்கூடம் விட்ட நேரம் எது, போகாத நாள் எது என்று யாரும் கேட்காமல் அவள் நடத்தும் காப்பகங்கள் எத்தனை என்று எந்தப் புள்ளிவிவரத்திலும் இல்லை. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தை 2016-இல் திருத்தும்போது, படிப்புக்கு இடைஞ்சல் இல்லாமல் குடும்பத்துக்கு உதவலாம் என்று பெருந்தன்மையாக விட்டுவைத்தார்கள். ஆக, அவள் செய்வது சட்டப்படிச் சரி. காப்பகத்துக்கு ஒரு பெயர்ப்பலகை மட்டும்தான் பாக்கி.

பெயர்ப்பலகை என்றதும் இன்னோர் இடம். திருப்பூரில் ஓர் ஏற்றுமதி பனியன் கம்பெனி. பெயர் வேண்டாம், சனிக்கிழமை தவறாமல் சம்பளம் போடும் நல்ல கம்பெனிதான். கேட்டைத் தாண்டி, டைம் ஆபீசைத் தாண்டி, செக்கிங் செக்‌ஷனுக்குப் போகிற வழியில் 'குழந்தைகள் காப்பகம்' என்று பளபளக்கும் எழுத்தில் ஓர் அறை. எச்.ஆர். தம்பி சாவியோடு வந்து திறந்து காட்டினார். சுவரெல்லாம் சோட்டா பீம். மூன்று தொட்டில், மூன்றிலும் மடிப்புக் கலையாத விரிப்பு. ஒரு சறுக்கு. ஓர் ஆடுகுதிரை, மேலே சுற்றி வந்த பாலித்தீன் உறை அப்படியே. பால்பவுடர் டின். முதலுதவிப் பெட்டி. கையெழுத்துப் போட்ட வருகைப் பதிவேடு. எல்லாம் இருந்தது.

"புள்ளைங்க?"

"கூட்டீட்டு வர்றதில்லீங் சார். அவங்களுக்கே இஷ்டமில்லீங்க. ஆடிட்டுக்கு பையர் ஆளுங்க வருவாங்கல்லங்க, அப்ப மட்டும் கேப்பாங்க."

இஷ்டமில்லாத காரணத்தை, ஓவர்லாக் தைக்கும் ஒரு அக்கா வெளியே டீக்கடையில் சொன்னார். கம்பெனி பஸ்ஸில் நிற்கவே இடமில்லை, பிள்ளையை எங்கே வைப்பது? பால் கொடுக்க எழுந்து போனால் லைன் நின்றுவிடும், சூப்பர்வைசர் கத்துவார், மணிக்கு இத்தனை பீஸ் என்கிற கணக்கு விழுந்துவிடும். நாளைக்கு நாலு தடவை போய்ப் பார்க்கலாம் என்று 2017 சட்டத்தில் இருக்கிறதே என்றேன். "சட்டத்துல இருக்கறது லைன்ல இருக்கோணுமில்லீங்க" என்றார். ஆடிட் நாளில் பக்கத்து லைன் வீட்டிலிருந்து ஒன்றிரண்டு பிள்ளைகளைக் கூட்டிவந்து உட்கார வைப்பதும் உண்டாம். அன்றைக்கு அந்தப் பிள்ளைகளுக்குப் பிஸ்கட் கிடைக்கும் என்றும் சொன்னார். அதையும் புகழ்க் கணக்கில் சேர்த்துக்கொள்கிறேன்.

தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலைச் சுற்றிப் பார்த்துவிட்டு, உன் வேல்கள் எவ்வளவு மெருகு, எங்கள் தகடூர் அதியமானுடையவை பாவம், ஒடிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்று ஔவை பாராட்டினாளே, அந்தப் பாக்கியம் எனக்கும் அன்று வாய்த்தது. ஒரு பல் தடம்கூடப் படாத ஆடுகுதிரை!

தொழிற்சாலைச் சட்டம் 1948-இலேயே, 48-ஆம் பிரிவில், ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் காப்பகம் வேண்டும் என்று எழுதிவிட்டது. முப்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் கட்டாயம் என்பது பிற்பாடு வந்த திருத்தம். 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் அமலுக்கு வந்து, ஐம்பது பேர் என்று கணக்கு மாறியிருக்கிறது. எண்கள் மாறும்; பூட்டு மாறாது. 2019–20 ஆண்டுத் தொழில் கணக்கெடுப்பின்படி, நாட்டில் தொழிற்சாலை வேலைக்குப் போன பெண்களில் நூற்றுக்கு நாற்பத்துமூன்று பேர் தமிழ்நாட்டில் இருந்தார்கள். எல்லா மேடையிலும் சொல்லிப் பெருமைப்படுகிறோம், படவும் வேண்டும். திருப்பூரின் பின்னலாடை ஏற்றுமதி 2024–25-இல் 40,000 கோடி ரூபாயைத் தாண்டியது. இத்தனை பெண்கள் இத்தனை கோடியைத் தைத்துக்கொண்டிருக்கும்போது அவர்கள் பிள்ளைகள் எங்கே என்று எந்த மேடையிலும் யாரும் கேட்டுத் தொந்தரவு செய்ததில்லை. அந்தப் பண்பாடு எல்லாருக்கும் வராது.

அந்தப் பிள்ளைகள் கொஞ்சம் வளர்ந்துவிட்டால் கவலை இல்லை, மில்லே தாயாகிவிடும். மூன்று வருஷம் மில் விடுதியில் தங்கி வேலை பார்த்தால் கடைசியில் கல்யாணத்துக்கு மொத்தமாக ஒரு தொகை. அதற்குச் சுமங்கலித் திட்டம் என்று மங்களகரமாகப் பெயர் வைத்தார்கள்; ஊரில் அதற்குக் கேம்ப் கூலி என்று பெயர். பதினாலு, பதினஞ்சு வயதுப் பெண் பிள்ளைகள் ரிங் பிரேமுக்கும் விடுதி மதிலுக்கும் நடுவே வளர்ந்ததை, 2011-இல் நெதர்லாந்துக்காரர்கள் அறிக்கை போட்டு உலகத்துக்குச் சொன்னார்கள். பக்கத்தில் இருப்பது எப்போதுமே சட்டென்று தெரியாது. தூரப் பார்வை வேண்டும்.

இப்படியெல்லாம் எழுதினால் அரசில் பிள்ளைகளைக் கவனிக்க ஆளே இல்லை என்று யாரேனும் நினைத்துவிடப் போகிறார்கள். ஆள் குறைவில்லை. மருதமலை முருகனுக்கே ஆறு பேர்தான் பாலூட்டினார்கள். நம் பிள்ளைகளுக்கும் ஆறு துறைகள். மாவும் முட்டையும் சமூக நலத் துறை. தடுப்பூசி சுகாதாரத் துறை. கம்பெனிக் காப்பகத்தைப் பார்ப்பது தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம். பிள்ளை வேலைக்குப் போனால் தொழிலாளர் துறை. பள்ளிக்கு வராவிட்டால் பள்ளிக் கல்வித் துறை. தெருவில் நின்றால் குழந்தைகள் நலன் மற்றும் சிறப்பு சேவைகள் துறை. சமூகப் பாதுகாப்புத் துறை என்று முன்பு பெயர், பெயர் மாற்றியதிலிருந்து தெருவில் நிற்கும் பிள்ளைகளுக்கு ரொம்ப நிம்மதி. புராணத்தில் உமையாள் வந்து ஆறையும் வாரி அணைத்து ஒரே பிள்ளையாக்கினாள். இங்கே உமையாள் பணியிடம் இன்னும் தோற்றுவிக்கப்படவில்லை. ஆறு முகமும் ஆறு பதிவேட்டில் தனித்தனியாக நலமாக இருக்கின்றன.

பாதுகாப்பு தேவைப்படும் பிள்ளையை இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுமுன் நிறுத்த வேண்டும் என்பது 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம். குழுவில் தலைவரோடு சேர்த்து ஐந்து பேர். கோவை மாவட்டத்தில் 2011 கணக்குப்படியே 34.58 லட்சம் மக்கள். ஐந்து பேருக்கு இது அதிகமில்லை என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். பதவிக்காலம் முடிந்து புதுக் குழு அமையாத மாவட்டங்களில் பக்கத்து மாவட்டக் குழு கூடுதல் பொறுப்பு பார்ப்பதும் நடக்கிறது. பிள்ளையின் அவசரம்தான் மாவட்ட எல்லை தாண்டிப் போய்க் காத்திருக்க வேண்டும். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை மட்டும் யாரும் மாற்றவில்லை. அது 1996-இல் மும்பையில் ஆரம்பித்த சேவை. தெருவில் இறங்கி ஓடிய தொண்டு நிறுவனங்களின் கையிலிருந்து 2023-இல் அதை எடுத்து, அவசர உதவி எண் 112-உடன் இணைத்து, மாநிலக் கட்டுப்பாட்டு அறைக்குக் கொண்டுபோனார்கள். இப்போது அழைப்பு முறைப்படி மேலே போய், முறைப்படி கீழே வருகிறது.

உதவித்தொகையிலும் அதே நுட்பம். கணவனை இழந்தவளின் பிள்ளைக்கும் கைவிடப்பட்டவளின் பிள்ளைக்கும் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் கிடைக்கும். நல்ல தொகை. ஆண்டு வருமானம் கிராமத்தில் 72,000, நகரத்தில் 96,000 தாண்டக் கூடாது. 96,000 என்றால் மாதம் எட்டாயிரம். திருப்பூரில் ஒன்றரை ஷிப்ட் போய் டிரிம்மிங் பார்க்கும் விதவைத் தாய் அதைத் தாண்டிவிடுகிறாள். அரசாங்கக் கணக்கில் அவள் வசதிக்காரி. உதவி வேண்டுமானால் வேலையைக் குறைத்துக்கொள்ள வேண்டும்; வேலையைக் குறைத்தால் வாடகை கொடுக்க முடியாது. உழைக்கும் பெண்ணை இவ்வளவு உயரத்தில் வைத்துப் பார்க்கும் கணக்கு வேறு எந்தக் கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது?

பெரிதாக ஏதேனும் நடந்துவிட்டால் நம் வேகத்தை யாராலும் பிடிக்க முடியாது. 2014 ஜூனில் பொள்ளாச்சியில் ஒரு தனியார் விடுதியில் இரண்டு சிறுமிகளுக்குக் கொடுமை நடந்தது. அந்த வருஷமே பெண்கள், குழந்தைகள் விடுதிகளை ஒழுங்குபடுத்தத் தனிச் சட்டம் வந்துவிட்டது. மாவட்ட ஆட்சியரிடம் உரிமம் வாங்காமல் விடுதி நடத்தக் கூடாது. அதற்கு முன் அத்தனை வருஷம் எப்படி நடந்தது என்று கேட்காதீர்கள். சட்டம் பிறக்க ஒரு பிள்ளை அழ வேண்டும், அது மரபு.

இங்கே புகழ்ச்சியைக் கொஞ்சம் நிறுத்திக்கொள்கிறேன். வால்பாறையும் எங்கள் கோவை மாவட்டம்தான். ஐம்பது பெண்கள் வேலை செய்யும் எஸ்டேட்டில் காப்பகம் வைக்க வேண்டும் என்று 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டமே சொல்லிவிட்டது. தேயிலை பறிக்க இப்போது ஜார்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். 2025 ஜூன் 20 சாயங்காலம் பச்சைமலை எஸ்டேட்டில், ஜார்கண்ட் தொழிலாளி ஒருவரின் சின்னப் பெண்ணை வீட்டருகிலிருந்து சிறுத்தை இழுத்துக்கொண்டு போனது. மறுநாள் உடல்தான் கிடைத்தது. அந்த நேரத்தில் எந்தக் காப்பகமும் திறந்திருக்க வேண்டும் என்று சட்டத்தில் இல்லை. இருட்டுகிற நேரத்தில் பிள்ளைகளை வெளியே விடாதீர்கள் என்று அறிவுரை மட்டும் எப்போதும் இருக்கிறது.

திம்பம் மலை ஏறித் தாளவாடியைக் கடந்தால் கர்நாடகம். அங்கே 2023-இல் 'கூசின மனெ' என்று ஒரு திட்டம் அறிவித்தார்கள். நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்கள் கைக்குழந்தையை விட்டுப்போக, நாலாயிரம் கிராமப் பஞ்சாயத்துகளில் காப்பகம். பார்த்துக்கொள்ள உள்ளூர்ப் பெண்களுக்கே பயிற்சி. அதிலும் குறைகள் இருக்கும். ஆனால் பிள்ளைக்கு வயிறு தவிர நேரம் என்று ஒன்றும் உண்டு என்பது மலைக்கு அந்தப் பக்கம் தெரிந்திருக்கிறது.

நம் அரசுக்கு என் விண்ணப்பம் சின்னது. திருப்பூரிலும் கோவையிலும் மில்லும் பனியன் கம்பெனியும் உள்ள வார்டுகளில் இருக்கும் பால்வாடிகளை மட்டுமாவது, இரண்டாவது ஆயா ஒருவரை முழுச் சம்பளத்தோடு போட்டு, ஆறு மாதப் பிள்ளையிலிருந்து எடுத்துக்கொண்டு, ராத்திரி எட்டரை வரை திறந்து வையுங்கள். செலவில் ஒரு பங்கைக் கம்பெனிக்காரர்களிடம் வாங்குங்கள். பூட்டிய அறைக்குச் சோட்டா பீம் வரையும் காசு மிச்சமாகும். திட்டத்துக்கு எந்தத் தலைவர் பெயரை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள், வாசலில் எவ்வளவு பெரிய படம் வேண்டுமானாலும் மாட்டிக்கொள்ளுங்கள். பாராட்டி எழுத நான் தயார், அப்போது வஞ்சம் இல்லாமல்.